நடு நரம்பு சீவ ஒரு மடக்குக் கத்தி

ஒரு மடக்குக் கத்தி வாங்குவதற்கு ஒரு வாரமா என்று கேட்பவர்களிடம் நான் இப்போதெல்லாம் வாயைத் திறப்பதில்லை. திறந்தால் மூட முடியாது, அதுதான் காரணம். இங்கே எழுதிவிடுகிறேன், யாரும் குறுக்கே பேச முடியாது பாருங்கள்.

நான் சாப்பாட்டுக் கடைக்கு வாழை இலை போடுகிறவன். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியிருக்கிறேன், கையுறைத் தொழிற்சாலையில் நின்றிருக்கிறேன், கடைசியில் இலைக்கு வந்து சேர்ந்தேன். சுங்கை லாலாங் பக்கத்திலும் செமிலிங்கில் இரண்டு வீட்டுக் கொல்லைகளிலும் விடிந்ததும் இலை அறுத்து, மோட்டார் சைக்கிளில் கட்டி, சுங்கை பட்டாணிப் பட்டணத்துக்குக் கொண்டுபோவேன். அங்கே ஒரு பெரிய கடை. தினமும் மத்தியானம் இலைச் சாப்பாடு. எனக்குச் சோறு போடுவது அந்த ஒரு கடைதான். மற்ற கடைக்காரர்கள் விசேஷம் வந்தால்தான் என்னை நினைப்பார்கள்.

இலையைக் கொடுத்துவிட்டு வருவதோடு என் வேலை முடிந்துவிடாது. இலையின் பின்பக்கம் ஓடும் நடு நரம்பைச் சீவித் தட்டையாக்க வேண்டும். சீவாவிட்டால் மேசைமேல் இலை தொட்டில்போல ஆடும். ரசத்தை ஊற்றியதும் அது நேராகச் சாப்பிடுகிறவர் மடிக்கு இறங்கிவிடும். வீட்டிலேயே சீவிக் கொண்டுவரவும் முடியாது. சீவிய இலையைக் கட்டாகக் கட்டினால் கடைக்கு வருவதற்குள் நரம்போரம் கிழிந்துவிடும். ஆகவே கடையின் பின்புறத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து, சாப்பாட்டுக் கூட்டம் வருவதற்கு முன்னால் சீவி முடித்துவிடுவேன்.

இதற்கு நான் வைத்திருந்தது, மழுங்க மழுங்க நுனியை ஒடித்துப் போடுகிற கட்டர். பல வருஷமாக அதுதான். ஒரு திங்கட்கிழமை அதன் நுனி தானாகவே ஒடிந்து இலையோடு போய்விட்டது. எனக்குத் தெரியவில்லை. முன்னால் இலை போடுகிற அக்கா கண்ணில் பட்டதால் தப்பித்தோம். சோறு விழுந்திருந்தால் யார் வாயில் போயிருக்குமோ.

கடை முதலாளியை நான் பாய் என்பேன், என்னை அவர் அண்ணே என்பார். அன்றைக்கு அந்த 'அண்ணே' வேறு மாதிரி வந்தது.

"அண்ணே, இது என்னா சொல்லுங்க."

"பிளேடு, பாய்."

"பிளேடுன்னு எனக்கும் தெரியுது லா. எங்க கெடந்துச்சு?"

"இலையில."

"இலையில என்னா இருக்கணும்?"

"சோறு, பாய்."

"அது தெரிஞ்சா சரி." கல்லாவுக்குக் கீழே குனிந்து ஒரு சுருளை எடுத்து மேசைமேல் விரித்தார். தாள் இலை. பச்சை நிறத்தில், நரம்பெல்லாம் அச்சடித்து, மேலே மினுமினுப்பாக. "இதுக்கு சீவற வேலையும் இல்ல, பிளேடும் இல்ல. சனிக்கெழம வரைக்கும் பாப்பேன். ஒழுங்கா ஒரு கத்தி வாங்கிட்டு வந்து, ஒழுங்கா சீவிக் குடுங்க. இல்லன்னா இத போட்டுட்டுப் போறேன்."

அந்தத் தாள் இலையைத் தடவிப் பார்த்தேன். எந்தப் பூச்சியும் கடித்திராத இலை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சமையல்காரரிடம் கத்தி கேட்டேன். "என் கத்தியில வாழக்கற பட்டா வெங்காயம் கறுத்துப் போவும். அப்புறம் கறுத்த வெங்காயத்த நீயே உக்காந்து தின்னு" என்றார். அது நியாயம்தான். உறை போட்ட கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போகலாம். ஆனால் வழியில் போலீஸ் தடுப்பு போட்டு நிறுத்தினால், நான் இலைக்காரன் ஐயா என்று விளக்கிக்கொண்டு நிற்க வேண்டும். மடக்கிப் பையில் போடுகிற கத்திதான் வழி.

வீட்டில் பழைய பேனாக்கத்தி ஒன்று கிடந்தது. செவ்வாய்க்கிழமை அதை வைத்துச் சீவிப் பார்த்தேன். அதற்குப் பூட்டு கிடையாது. நரம்பின் தடித்த இடத்தில் கொஞ்சம் அழுத்தியதும் அது மடங்கி என் சுட்டுவிரலைக் கடித்துவிட்டது. வீட்டுக்காரி துணி சுற்றிக்கொண்டே சொன்னாள்: "கத்தி இலைய வெட்டணும். உங்கள வெட்றதுக்கு நான் ஒருத்தி இருக்கேன், பத்தாதா?"

அன்று சாயங்காலமே பட்டணத்து இரும்புக்கடைக்குப் போனேன். கடை முதலாளி ஒரு சீனத் தவுக்கே, தோட்டத்து ஆட்களோடு பழகிப் பழகித் தமிழ் பேசுகிறவர். கண்ணாடிப் பெட்டியைத் திறந்து கத்திகளை வரிசையாகப் பரப்பினார். சாவிக்கொத்தில் தொங்குகிற குட்டிக் கத்தி ஒரு பக்கம், பன்றி வேட்டைக்குப் போகிற கத்தி மறு பக்கம். பொத்தானைத் தட்டினால் சீறிக்கொண்டு வருகிற ஒன்றும் இருந்தது.

"இது வாணாம்" என்று அதைத் தவுக்கேயே தள்ளி வைத்தார். "போலீஸ் பாத்தான், உனக்கு அங்கதான் சோறு."

பக்கத்தில் ஆணி வாங்க வந்த ஒருவர், கேட்காமலே யோசனை சொன்னார். "பெருசா வாங்குங்க அண்ணே. சின்னத வாங்கிட்டு அழுவறதுக்கு பெருச வாங்கிட்டு சும்மா இருக்கலாம்." பேச்சு அழகாக இருக்கவே மயங்கிவிட்டேன். யாராவது ஒரு வாக்கியத்தை நன்றாகச் சொல்லிவிட்டால் அதில் உண்மையும் இருக்கும் என்று நம்புவது என் பிறவிக் குணம். பெரியதை வாங்கினேன்.

புதன்கிழமை அது என்ன செய்தது தெரியுமா? அதன் முதுகு என் கட்டைவிரல் நகம் அளவுக்குத் தடிமன். நரம்பில் வைத்தால் சீவவில்லை, ஆப்பு அடித்ததுபோல இலையைப் பிளந்தது. இருபது இலைக்குமேல் வீண். அதோடு பையில் போட்டால் கால்சட்டை ஒரு பக்கம் இறங்கியது. ஒரு கையில் இலைக்கட்டு, மறு கையில் கால்சட்டை என்று அந்தக் கடைக்குள் நடந்ததை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

சாயங்காலச் சந்தையில் இன்னொன்று அகப்பட்டது. அளவு சரி. அலகு மெல்லியது. பூட்டும் இருந்தது. வியாழக்கிழமை வெண்ணெயில் போவதுபோல நரம்பில் போனது. பாடிக்கொண்டே சீவினேன். அரை மணி நேரம் கழித்து இலை போடுகிற அக்கா ஓர் இலையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் வந்தார்.

"அண்ணே, இலைக்கு மை வச்சு அனுப்பிருக்கீங்க. திருஷ்டி படாம இருக்கவா?"

வெட்டிய இடமெல்லாம் கறுப்புக் கோடு. அலகு வெறும் இரும்பு. வாழைக்கறை பட்டதும் கறுத்து, இலையையும் கறுக்க வைத்துவிட்டது. பால்மரத்துக் கறையிலும் வாழைக் கறையிலும் பாதி ஆயுசைக் கழித்தவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? யாரைத் திட்டுவது? என்னையேதான் திட்டிக்கொண்டேன், சத்தமாக. சமையல்காரர் தன்னைத்தான் சொல்கிறேன் என்று நினைத்து எட்டிப் பார்த்தார்.

பாய் அந்த இலையை வாங்கிப் பார்த்தார். விரலை மட்டும் மடக்கிக் காட்டினார்: வெள்ளி, சனி.

அன்றைக்கு மறுபடியும் தவுக்கேயிடம் போனேன். இந்த முறை யார் பேச்சையும் கேட்பதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். என் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு விரல் குறைவாக அலகு, துருப்பிடிக்காத எஃகு, மெல்லிய முதுகு, விரித்தால் டக்கென்று பூட்டிக்கொள்ள வேண்டும், பையில் மாட்ட ஒரு கிளிப், கறை அடைத்துக்கொண்டால் கழற்றிக் கழுவத் திருகாணி. தவுக்கே தலையைச் சொறிந்தார். "நீ கத்தி வாங்க வந்தியா, மருமகன் பாக்க வந்தியா?" என்றார். உள்ளே போய் நெடுநேரம் கழித்து ஒன்றைக் கொண்டுவந்தார். நான் சொன்ன எல்லாம் அதில் இருந்தது. பிடி மட்டும் பச்சை நிறம். வேறு நிறம் இல்லை. இலைக்காரனுக்குப் பச்சை பொருத்தம்தானே என்று நானே மெச்சிக்கொண்டு வாங்கினேன்.

வெள்ளிக்கிழமை ஒரு குறையும் இல்லை. இலைகள் மேசையில் படுத்துக் கிடந்தன. பாய் ஒன்றைத் தட்டிப் பார்த்துத் தலையாட்டினார். அன்றைக்கு வீட்டில் நான் பேசிய பேச்சுக்கு வீட்டுக்காரி காதைப் பொத்திக்கொண்டாள்.

சனிக்கிழமை பாதி இலை சீவியிருப்பேன். அக்கா அவசரமாக வந்தார். அப்பளக் கட்டு ஒன்றைப் பிரிக்க முடியவில்லையாம். "அண்ணே, கத்தி."

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கத்தியைக் கையிலிருந்து கைக்குக் கொடுக்கமாட்டோம். கொடுத்தால் இரண்டு பேருக்கும் சண்டை வரும். கீழே வைப்போம், அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். நானும் மடக்கி, பக்கத்தில் இருந்த நரம்புச் சீவல் குவியல்மேல் வைத்தேன். அக்கா எடுத்துக்கொண்டு போனார். அதற்குள் முன்னால் கூப்பிட்டார்கள். சீவிய இலைகளைத் தூக்கிக்கொண்டு போனேன். திரும்பி வந்தால் குவியலும் இல்லை, கத்தியும் இல்லை.

"அக்கா, கத்தி?"

"எடுத்த எடத்துலயே வச்சேனே."

"எந்த எடத்துல?"

"அதான், குப்ப மேல. நீங்க வச்ச மாரியே."

"கையில குடுத்திருக்கலாம்ல?"

"நல்லா இருக்கே! உங்களோட நான் எதுக்கு சண்ட போடணும்?"

இதோ போட்டுக்கொண்டுதானே இருக்கிறோம் என்று கத்தினேன். பச்சைச் சீவலுக்குள் பச்சைப் பிடிக் கத்தியைப் பார்க்காமல், பின்பக்கம் கூட்டுகிறவர் எல்லாவற்றையும் சாக்கில் வாரிக் கட்டிவிட்டார். அந்தச் சாக்குகள் மாட்டுக்கொட்டகைக்குப் போகிறவை. கட்டி வைத்திருந்த சாக்குகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துத் தரையில் கொட்டினேன். அக்காவும் முட்டி போட்டு உட்கார்ந்து கிளறினார். மூன்றாவது சாக்கின் அடியில் கத்தி கிடைத்தது. அதற்குள் மணி பன்னிரண்டரை. மீதி இலைகள் சீவாமல் கிடந்தன.

முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னால் எட்டிப் பார்த்தேன். பாதி மேசைகளில் தாள் இலை. பாய் காத்திருக்கவில்லை, சுருளை வெட்டிப் போட்டுவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, பசியோடு வந்தவர்களை நிற்க வைப்பாரா?

நான் பார்த்தது பாயை இல்லை, சாப்பிடுகிறவர்களை. யாராவது ஒருவர் நிமிர்ந்து, என்ன பாய் இது, தாளா, என்று கேட்பார் என்று காத்திருந்தேன். ஒருவர்கூடக் கேட்கவில்லை. பிசைந்தார்கள், ரசம் கேட்டார்கள், விரலை நக்கினார்கள். ஒருவர் சாப்பிட்டு முடித்து, அந்தத் தாளைப் பக்குவமாகத் தன் பக்கம் மடித்துவிட்டுக்கூடப் போனார். கத்தி தொலைந்தபோது வந்த கோபம் ஒரு கோபமே இல்லை.

கூட்டம் கலைந்ததும் பாய் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தார். டீ வரவழைத்தார்.

"அண்ணே, இனிமே வெள்ளி, ஞாயிறு ரெண்டு நாளும் உங்க இலை. மத்த நாளு இது."

"கத்தி சரியாயிருச்சே பாய். நேத்து பாத்தீங்களே."

"கத்தி சரிதான். நேத்து இலையும் நல்லா இருந்துச்சு."

"அப்புறம் என்னா?"

அவர் மேசைகளில் மடித்துக் கிடந்த தாள் இலைகளைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இரண்டு பேரும் பார்த்தது ஒன்றைத்தான்.

இப்போது வாரத்துக்கு இரண்டு நாள் போகிறேன். கத்தியை ஒரு நைலான் கயிற்றில் இடுப்புப் பட்டையோடு கட்டிவிட்டாள் வீட்டுக்காரி. இரவல் கேட்க வந்த அக்கா அதைப் பார்த்துவிட்டு, "பசு மாட்ட கட்ற மாரி கட்டி வச்சிருக்கீங்க, பால் கறக்குதா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மற்ற நாட்களில் காலையில் எழுந்து கொல்லையில் நிற்கிறேன். அறுக்க ஆளில்லாமல் இலைகள் காற்றில் கிழிகின்றன. செமிலிங் வீட்டு அம்மா, "ஏன் தம்பி, இலையெல்லாம் முத்திப் போவுதே, வரமாட்டீங்களா?" என்று போன் போட்டுக் கேட்டார். வெள்ளிக்கிழமை வர்றேன்மா என்றேன். "இன்னிக்கு செவ்வாதானே" என்றார் அவர்.