இடைவெளி விடாத கூடைகள்

அழுகிய உருளைக்கிழங்கின் வாடை மூக்கில் ஏறினால் எளிதில் இறங்காது. கொடைக்கானலுக்கு மேலே இருந்த எங்கள் ஊரில், இருட்டுக் கொட்டகையில், வழுவழுப்பான நீளப் பலகைமேல் பதினான்கு விதைக்கூடைகள் வரிசையாக நின்றன. நான் மண்டி வேலைக்கு விடுப்புச் சொல்லி நடவுக்கு வந்திருந்தேன். விடாத மழையில் விதைக்கு அழுகல் பிடித்திருந்தது. கெட்ட கூடை ஒன்று தங்கினாலும் பக்கத்துக் கூடைகளும் போய்விடும். வேறு விதை கிடையாது.

சித்தப்பா குனிந்த தலை நிமிராமல் ஒவ்வொரு கூடையாகத் துழாவுவார். கெட்டதைக் கீழே இறக்கி, கையைச் சாக்கில் துடைத்து, ஓர் எட்டு நகர்வார். அதற்குள் மறுகோடியில் நிற்கும் அத்தை, மிச்சக் கூடைகளை ஒரே தள்ளாகத் தள்ளி இடைவெளியை மூடிவிடுவாள். விதை வரிசையில் சந்து விழுந்தால் வயலிலும் விழும் என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை.

மறுநாளும் நாறியது.

"ஏலே, என்னத்தப் பாத்த? மூக்கை அடகு வச்சிட்டியா?" என்று அத்தை தன் தம்பியை அதட்டினாள்.

"ஒண்ணு விடாமப் பாத்தேன். நீ தள்ளுறத நிறுத்துக்கா."

"பல்லு போன வாயாட்டம் வரிசை கெடந்தா வெள்ளாமை வெளங்குமாலே?"

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. முதல் நாள் எண்ணியிருந்தேன்: கூடைகள் பதினான்கு, சித்தப்பாவின் கை கூடைக்குள் போனது பதினொரு தடவைதான். எங்கே குறைகிறது என்று பிடிபடவில்லை.

நடவுக்கு முந்தின நாள் சித்தப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "உன் கண்ணெதிர்க்கவே பாக்குறேன், அப்புறம் கொற சொல்லாத" என்று அத்தை நின்ற கோடியிலிருந்து ஆரம்பித்தார். அத்தை அப்போதும் தள்ளினாள். பார்த்து முடித்த கூடைகள்தான் நகர்ந்தன. கெட்டவை எல்லாம் அகப்பட்டன. விதை தப்பியது.

"நான் பக்கத்துல நின்னேன், ஒழுங்காப் பாத்தான்" என்று அத்தை சாகும்வரை சொன்னாள்.

பல வருடங்களுக்குப் பிறகு, கம்ப்யூட்டர் நிரல் எழுதும் என் மகள் ஒருநாள் அலுத்துக்கொண்டாள்: "வரிசையைப் பாத்துக்கிட்டே அதுலேருந்து ஒண்ணை எடுத்தா அடுத்தது அந்த இடத்துக்கு வந்துடுதுப்பா. நம்ம அதைத் தாண்டிப் போயிடுறோம். கடைசியிலேருந்து வந்தாத்தான் சரி." எனக்குக் கொட்டகை வாடை அடித்தது. அழுகலை ஒட்டி நின்ற கூடைக்குத்தான் அழுகல் முதலில் தொற்றும். அந்தக் கூடையைத்தான் சித்தப்பா ஒவ்வொரு முறையும் தாண்டியிருக்கிறார். இதைக் கேட்க அவரும் இல்லை, அத்தையும் இல்லை.

இன்று காலை சமையலறைத் தட்டிலிருந்து அழுகின கிழங்கு ஒன்றை எடுத்தேன். அடுத்தது உருண்டு வந்து அதே இடத்தில் நின்றது. "போதும், சாப்பிட வாங்கப்பா" என்றாள் மகள். நான் நகரவில்லை. அதே இடத்தில் மறுபடியும் விரலை வைத்து அழுத்தினேன்.

மெத்தென்று அமுங்கியது.