லூர்துவின் இரண்டாம் பட்டியல்

என் கையெழுத்தை முதலில் பொறுத்துக்கொள்ள வேண்டும். கோடு போட்ட தாளில்தான் எழுதுகிறேன். ஆனாலும் எழுத்துகள் சில இடங்களில் மேலே ஏறுகின்றன, சில இடங்களில் சரிகின்றன. எனக்கு வயது எழுபத்து மூன்று. எழுதப் பழகி ஒன்பது மாதம்தான் ஆகிறது. லூர்துவின் முப்பதாம் நாள் திருப்பலிக்கு வருகிறவர்கள் படிப்பதற்காக, அவரை அறிந்தவர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி அவர் மகள் ஸ்டெல்லா கேட்டிருந்தார். என்னால் ஒரு பக்கத்தில் முடிக்க முடியவில்லை. ஐந்து காலைகள் உட்கார்ந்து எழுதினேன். வாயால் சொல்லி வேறொருவரை எழுத வைத்திருக்கலாம். ஆனால் இதை நானே எழுத வேண்டும். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

செய்தி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. எங்கள் அடுக்குமாடியின் வாட்ஸ்அப் குழுவில் ஸ்டெல்லா எழுதியிருந்தார். முன்பெல்லாம் எழுத்தில் வருவதை நான் தள்ளிவிடுவேன், குரலில் வருவதை மட்டும் கேட்பேன். அன்றைக்கு நாமே படித்துப் பார்ப்போமே என்று தோன்றியது. விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டினேன். 'அப்பா' எளிதாக வந்தது. 'இன்று காலை' வந்தது. 'இறைவனில்' என்ற சொல்லில் றை கொஞ்சம் தடுத்தது, அதையும் தாண்டிவிட்டேன். யாருடைய உதவியும் இல்லாமல் ஒரு முழு வரியைப் படிக்கிறோம் என்று எனக்கு ஒரே மகிழ்ச்சி. 'இளைப்பாறினார்' என்பதை முடித்த பிறகுதான் அந்த வரி என்ன சொல்கிறது என்பது மனதில் இறங்கியது. நான் தனியாகப் படித்த முதல் செய்தி அது. படிக்கக் கற்றுவிட்டேன் என்று யாரிடம் முதலில் போய்ச் சொல்ல நினைத்திருந்தேனோ, அவருடைய சாவுச் செய்தி.

லூர்துசாமியைத் தேவாலயத்தில் பார்த்திருப்பீர்கள். என்னைப் பலருக்குத் தெரியாது. என் பெயர் கோவிந்தன். பிறை என்ற ஊரிலிருந்து நாற்பது வருடம் லோரி ஓட்டினேன். அவர் புக்கிட் தெங்காவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். நான்காம் மாடியில் எங்கள் இருவர் வீட்டுக்கும் நடுவில் இரண்டு கதவுகள். சர்க்கரை வியாதியில் என் இடது பாதத்தை எடுத்துவிட்ட பிறகு ஓட்டுநர் உரிமமும் போய்விட்டது. சன்னல் ஓரம் உட்கார்ந்து கீழே போகும் லோரிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். அதைப் பார்த்து ஒரு நாள் அவர்தான், கணினியில் லோரி ஓட்டும் விளையாட்டு இருக்கிறது, ஸ்டியரிங் கூடப் பொருத்தலாம் என்று சொன்னார். அவருக்கும் ஒரு கணினி தேவைப்பட்டது. இரண்டு வேலைக்கும் ஒரே இயந்திரம் கட்டுவோம், ஆளுக்குப் பாதி, உங்களுக்கு நடக்கச் சிரமம், உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும் என்றார்.

அவருக்கு எதற்கு என்பதைச் சொல்ல வேண்டும். அவர் மனைவி பிலோமினா பாடகர் குழுவில் முப்பது வருடம் பாடியவர். அவரைத் தனியாக யாரும் படம் எடுத்ததில்லை. ஆனால் ஊரில் நடந்த திருமணம், திருவிழா, முதல் நன்மைச் சடங்கு என்று எல்லா வீடியோவிலும் ஏதோ ஓர் ஓரத்தில், இரண்டாவது வரிசையில் நின்று பாடிக்கொண்டிருப்பார். பிலோமினா இறந்த பிறகு லூர்து வீடு வீடாகப் போய் அந்த நாடாக்களை எல்லாம் கேட்டு வாங்கிப் பதிவு செய்துகொண்டார். பிலோமினாவுக்குப் பிடித்த ஒரு பாட்டு உண்டு. ஐந்து அடி. ஒவ்வோர் அடியையும் வெவ்வேறு வருடத்திலிருந்து எடுத்து ஒட்ட வேண்டும் என்பது அவர் எண்ணம். பாட்டுத் தொடங்கும்போது பிலோமினாவுக்கு இருபத்தைந்து வயது, முடியும்போது நரைத்த தலை. அது ஒன்றுதான் அவர் செய்து முடிக்க விரும்பிய வேலை.

பாகங்கள் பார்க்க ஜார்ஜ்டவுனில் ஒரு கணினிக் கடைக்குப் போனோம். லூர்து சட்டைப் பையில் பூதக்கண்ணாடி வைத்திருந்தார். மதர்போர்டைப் பெட்டியிலிருந்து எடுக்கச் சொல்லி, செயலி உட்காரும் இடத்தில் இருக்கும் மயிரிழைக் கம்பிகளை வரிசை வரிசையாகப் பார்த்தார். கடைக்காரச் சீனர், அங்கிள் இது பேக்டரி இல்லை, கடை என்று சிரித்தார். லூர்து சிரிக்கவில்லை. மூன்றாவது பெட்டியைத்தான் ஏற்றுக்கொண்டார்.

நான் கேட்டது பக்கத்தில் கண்ணாடி வைத்து, உள்ளே கலர் விளக்கு எரியும் கேசிங் பெட்டி.

"லைட் போட்டா வேகமா ஓடுமாண்ணே?" என்றார்.

"தைப்பூசத்துக்கு லோரிக்கு லைட் போட்டேன். வேகமாவா ஓடுச்சு? அழகா ஓடுச்சு-லா."

அதற்கு மட்டும் சிரித்தார். விளக்குக்குச் சம்மதித்தார். ஆனால் பவர் சப்ளையில் விலை குறைந்ததை நான் காட்டியபோது கையைத் தட்டிவிட்டார். "கண்ணுல படுற சாமான்ல மிச்சம் புடிங்கண்ணே. கண்ணுல படாததுல புடிக்காதீங்க" என்றார். பிறகு நான் வீட்டில் எந்தச் சாமான் வாங்கினாலும் அந்த வார்த்தை காதில் கேட்கும்.

அவருடைய இன்னொரு வார்த்தை, "பேப்பர்ல இல்லன்னா அது நடக்கவே இல்ல" என்பது. தொழிற்சாலையில் எந்த மாற்றமானாலும் தாளில் எழுதி இரண்டு பேர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் நடக்குமாம். கணினிக்கும் அப்படியே செய்தார். ஒரு காலை கோப்பிக்கடையில் என் முன்னால் ஒரு தாளை வைத்தார். நடுவில் கோடு கிழித்து இந்தப் பக்கம் பாகங்களின் ஒரு பட்டியல், அந்தப் பக்கம் ஒரு பட்டியல். ஒவ்வொன்றின் அடியிலும் கையெழுத்துக்கு ஒரு கட்டம். அதற்கும் கீழே நெருக்கமாகச் சில வரிகள்.

"அண்ணனுக்குன்னு தமிழ்ல எழுதியிருக்கேன். படிச்சுப் பார்த்து எது சரியோ அதுல சைன் போடுங்க. அவசரம் இல்ல" என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் கோப்பியைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

எனக்கு அப்போது படிக்கத் தெரியாது. அவருக்கு அது தெரியாது. யாருக்குமே தெரியாது. நாற்பது வருடமாகத் தினமும் தமிழ்ப் பத்திரிகை வாங்கி, அதே கோப்பிக்கடையில் விரித்துப் படம் பார்த்து, ஒருவர் படிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் கழித்து மடிப்பேன். வேலையில் யாராவது தாளை நீட்டினால், கண்ணாடி வீட்டில் இருக்கிறது என்பேன். என்னிடம் கண்ணாடியே கிடையாது. எண்கள் தெரியும், என் கையெழுத்தை வரையத் தெரியும். அவ்வளவுதான்.

அன்றைக்கும் பத்திரிகையைப் பிடிப்பதுபோல அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். முதல் பட்டியலில் கிராபிக்ஸ் கார்டின் எண் பெரியதாக இருந்தது. கடைக்காரர் உயர்வாகச் சொன்ன எண் அது. அதன் கீழே கையெழுத்தை வரைந்தேன்.

"கீழ எழுதினதையும் பார்த்தீங்களாண்ணே?"

"எல்லாம் பார்த்தாச்சு தம்பி."

"அப்போ இதுதானா?"

"இதுதான்."

தாளை இரண்டாக மடித்து, மறுபடி மடித்து, பைக்குள் வைத்தார். "சரிண்ணே" என்றார். 

இயந்திரத்தை என் வீட்டு மேசையில் அவரே பூட்டினார். பிறகு மூன்று பகல் அதை முழு வேகத்தில் ஓடவிட்டு, மணிக்கு ஒரு தடவை வந்து சூட்டைப் பார்த்துக் குறித்து, நான் கையெழுத்துப் போட்ட தாளோடு ஒரு பைலில் சேர்த்து வைத்தார். என் விளையாட்டு வெண்ணெய்போல ஓடியது. பாதம் போன பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். அவர் உட்கார்ந்தால் மட்டும் இயந்திரம் திணறும். பத்துப் பதினைந்து துண்டு வீடியோவைச் சேர்த்து வைத்தவுடன் திரை உறைந்துவிடும். கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார். மறுபடி திறப்பார், மறுபடி உறையும். மெமரி போதவில்லை என்று ஒரு தடவை சொன்னார். கூட்ட முடியாதா என்று கேட்டேன். இந்த மதர்போர்டில் அதற்கு இரண்டே இடம்தான், இரண்டும் நிரம்பிவிட்டது என்றார். அப்படியானால் ஏன் இந்தப் போர்டை எடுத்தோம் என்று கேட்டேன். கேட்டது நான். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "பரவாயில்லண்ணே, ஓடுதுல்ல" என்றார்.

ஒரு மத்தியானம் அவர் பக்கத்தில் இருக்க நான் லோரி ஓட்டினேன். நம் நாட்டு நெடுஞ்சாலையை யாரோ அந்த விளையாட்டுக்குள் வரைந்து போட்டிருந்தார்கள். லூர்து அதைத் தேடி எடுத்து வைத்திருந்தார். பிறையிலிருந்து பத்து காவான் என்ற ஊருக்குச் சரக்கு. கண்ணை மூடிக்கொண்டு போகிற சாலை. ஆனால் அந்தச் சாலையில் என் அடையாளங்கள் எதுவும் இல்லை. எண்ணெய் நிலையம் இல்லை, வளைவில் இருக்கும் பாறை இல்லை. பலகைகள் மட்டும் இருந்தன. மூன்று தடவை திருப்பத்தைத் தவறவிட்டேன்.

"போர்டு தெரியலையாண்ணே? கண்ணாடி எங்க?"

"வீட்டுல இருக்கு."

"இதுதான் உங்க வீடு" என்றார்.

கை ஸ்டியரிங்கில் இருந்தது. முகத்தைத் திருப்ப முடியவில்லை.  அடுத்த திருப்பம் வந்ததும் அவர், நான் கேட்காமலே, "அடுத்தது ஜூரு, இடது பக்கம் எடுங்க" என்று பலகையைப் படித்தார். அன்றிலிருந்து நான் ஓட்டும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பலகையாகப் படிப்பார். ஏன் படிக்கிறார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்த வெட்கத்தில்தான் கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை காலை நடக்கும் எழுத்து வகுப்பில் சேர்ந்தேன். நானும் மூன்று பெண்களும். முதல் நாள் 'லோரி' என்று எழுதி, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பது வருடம் ஓட்டியது இரண்டு எழுத்துக்குள் நிற்கிறதே என்று அப்படி ஒரு சந்தோஷம். லூர்துவிடம் சொல்லவில்லை. ஒரு நாள் அவருடைய அந்த பைலை எடுத்து வைத்துக்கொண்டு முதல் தாளிலிருந்து சத்தமாகப் படித்துக்காட்ட வேண்டும் என்று காத்திருந்தேன். இன்னும் கொஞ்சம் வேகம் வரட்டும், இன்னும் கொஞ்சம் என்று தள்ளினேன். அவரும் தன் நெஞ்சு வலியை யாரிடமும் சொல்லாமல் நாளைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

அடக்கம் முடிந்து நான்காம் நாள் ஸ்டெல்லா அந்த பைலைக் கொண்டுவந்தார். "உங்க ரெண்டு பேரோட பைல் அங்கிள். உங்க சைன் இருக்கு-லா, நீங்களே வச்சுக்குங்க" என்றார். ஸ்டெல்லா போன பிறகு அந்தத் தாளை விரித்தேன். மடிப்பு நான்காக விழுந்திருந்தது. கீழே இருந்த வரிகளைப் படிக்க எனக்கு அரை மணி நேரம் பிடித்தது. அப்படியே எழுதுகிறேன்:

'அண்ணே, வாய்விட்டுக் கேட்க வெட்கமாக இருக்கிறது. இரண்டாம் பட்டியலை எடுத்தால் மெமரி அதிகம். பிலோமினாவின் பாட்டை முடித்துவிடுவேன். உங்கள் லோரி கொஞ்சம் மெதுவாக ஓடும். சம்மதமா?'

அடுத்த வாரம் என் பேரனைக் கூட்டிக்கொண்டு அந்தக் கடைக்குப் போய்த் தாளைக் காட்டினேன். உங்கள் விளையாட்டுக்கு இரண்டாம் பட்டியலே தாராளம், லோரி அதே வேகத்தில்தான் ஓடியிருக்கும் என்றார் கடைக்காரர். லூர்து எனக்குக் குறைந்துவிடுமோ என்று பயந்து பயந்து கேட்டிருக்கிறார். குறைய ஒன்றுமே இல்லை.

பாட்டு மூன்று அடியோடு நிற்கிறது. நாற்பது வயது பிலோமினா மூன்றாம் அடியை முடிக்கிறார், திரை கறுப்பாகிவிடுகிறது. மீதி வீடியோ எல்லாம் இயந்திரத்துக்குள் இருக்கிறது. ஆனால் முப்பது பேர் சேர்ந்து பாடும்போது எது பிலோமினாவின் குரல் என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். ஸ்டெல்லா கேட்டுப் பார்த்துவிட்டு, தெரியவில்லை என்று அழுதார். இனி அது முடியாது.

நான் படித்துவிட்டு மறுத்தேன் என்று நினைத்தா அவர் அத்தனை நாள் என் பக்கத்தில் உட்கார்ந்தார்? அல்லது அந்த மத்தியானம் எனக்குப் படிக்கத் தெரியாது என்று புரிந்துகொண்டு, மறுபடி கேட்டால் என் மானம் போகும் என்று பாட்டை விட்டுவிட்டாரா? இரண்டையும் மாற்றி மாற்றி நினைக்கிறேன். எதுவாக இருந்தாலும் என்னால் தாங்க முடியவில்லை. இதை வேறு யார் கையாலும் எழுத வைக்க முடியாது என்று சொன்னது இதற்காகத்தான். எனக்குப் படிக்கத் தெரியாது என்பதை நான் ஒரு தடவை வாயால் சொல்லியிருந்தால் போதும்.

அவரிடமிருந்து எனக்கென்று இருப்பது அந்த இயந்திரம் அல்ல. விளக்கு எரிகிறது, நான் லோரி ஓட்டுவதில்லை. எனக்கென்று இருப்பது அந்தத் தாள். இரண்டாம் பட்டியலின் கீழே கையெழுத்துக் கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது. அதில் 'சம்மதம்' என்று எழுத வேண்டும். எழுதினாலும் வாங்கிப் பார்க்க ஆள் இல்லை என்பது தெரியும். ஆனாலும் தாளில் இல்லாதது நடக்காதது. பழைய பத்திரிகையின் ஓரத்தில் நாற்பது தடவை எழுதிப் பார்த்தேன். ஒரு எழுத்து பெரியதாகவும் அடுத்தது சிறியதாகவும் வந்து கட்டத்தை விட்டு வெளியே போகிறது. லூர்து பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தால் திருப்பி அனுப்பிவிடுவார். அவர் தாளில் கோணலாக எழுத எனக்கு மனம் வரவில்லை. அடுத்த வாரம் மறுபடி எழுதிப் பார்க்கிறேன்.