கடிகாரத்தை வெறுத்தவர்

அட்லிஸ்விலிலிருந்து சூரிச்சுக்குப் போகும் காலை ரயிலில் நம்மூர்த் தமிழர் ஒருவர் என் எதிரில் வந்து உட்காருவார். ஒட்டிய கன்னம், தலையில் அமெரிக்க பேஸ்போல் அணி ஒன்றின் தொப்பி. முந்தின நாள் ஆட்டத்தைக் கைபேசியில் பார்த்தபடி தனக்குத்தானே திட்டிக்கொள்வார். பந்து எறிபவர் இத்தனை விநாடிக்குள் எறிந்துவிட வேண்டும் என்று மைதானத்தில் கடிகாரம் வைத்துவிட்டார்களாம். ஆட்டம் சீக்கிரம் முடிய வேண்டுமாம். இதற்கெல்லாமா ஒரு மனிதன் இப்படிக் கொதிப்பான்?

“நல்லதுதானே தம்பி. மூண்டு மணித்தியாலம் ஆர் இருந்து பாக்கிறது?” என்றேன்.

புழுவைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். “எறியிறவன் யோசிக்க வேணும் அண்ணை. அவனை அவசரப்படுத்தினா அது விளையாட்டோ?”

அடுத்த மாதம் ஒரு கல்யாணத்தில் அவரைக் கண்டேன். மணப்பெண்ணின் தமையனே அவர்தான். மண்டபத்தை நான்கு மணிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதால், மணவறையோரம் நின்று கைபேசியில் நேரத்தை ஐயரின் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தார்.

“ஐயா, கெதியா! மந்திரத்தைச் சுருக்குங்கோ!”

விடுவேனா? கிட்டப் போய், “ஐயர் யோசிக்க வேண்டாமோ தம்பி?” என்று கேட்டேன்.

அவர் கொஞ்சமும் கூசவில்லை. “அது ஆட்டம் அண்ணை. இது கலியாணம்தானே.”

இப்படியும் ஒரு பிறவி என்று தலையில் அடித்துக்கொண்டேன். ஐயர் சுருக்கினார். தாலி ஏறியதும் சாப்பாட்டு வரிசையில் முதல் ஆளாகப் போய் நின்றவன் நான்தான்.