தண்ணீர் ஊற்றும் நாட்கள்

மேசன்மாருக்கு வேலை முடிகிற நாள்தான் கொண்டாட்டம். எல்லோரும் 'பாஸ்' என்று கூப்பிடும் மேசன் இராசமணிக்கு அப்படியில்லை. கொங்கிரீட் வெடிக்காமல் இருக்கக் காலையும் மாலையும் போய் அதன்மேல் விரித்த சாக்கை நனைப்பாரே, அந்த நாட்கள்தான் அவருக்குத் திருவிழா. வேலையென்று பார்த்தால் ஒரு வாளி தண்ணீர்தான். ஆனால் வீட்டுக்காரர் தேத்தண்ணி கொடுப்பார்கள், நாலு வார்த்தை பேசுவார்கள். மனைவி செத்த பிறகு, பண்டாரவளைக்கு மேலே தேயிலைத் தோட்டத்து லயத்துக் காம்பராவில் அவரோடு பேச ரேடியோவை விட்டால் நாதியில்லை.

மலைக்குக் கீழே டவுனில் குடியிருந்த யாழ்ப்பாணத்து யசோதினி டீச்சர் வீட்டில் வேலை என்றதும் மனுஷன் துள்ளிக்கொண்டுதான் போனார். டீச்சரின் கணவர் கனகசபை பக்கவாதத்தில் விழுந்து பதுளை ஆஸ்பத்திரியில் கிடந்தார். சக்கர நாற்காலியில் அவர் வீடு திரும்ப, வாசற்படியை உடைத்துச் சரிவுத்தளம் போட வேண்டும்.

"ரெண்டு மூண்டு நாளிலயே கெதியா இறுகிற சீமெந்தாப் பார்த்துப் போடுங்கோ பாஸ்," என்றார் டீச்சர்.

சீமெந்துக் கடைக்காரர் ஸனூஸ் நானா அந்த மூட்டையைத் தட்டிக் காட்டினார்.

"இத இன்னும் நைசா அரைச்சிருக்கு. மா நைசா இருந்தா தண்ணி எல்லா எடத்துலயும் ஒரேயடியாப் புடிக்கும். சூடும் கூட, பலமும் முந்தி வரும்."

"அப்ப சாதா சீமெந்து?"

"அதுக்கும் பலம் வரும். நாளெடுத்து ஆறுதலா வரும்."

இராசமணிக்கு அந்த ஆறுதல்தான் வேண்டியிருந்தது. என்ன செய்வது, மனமில்லாமல் மற்றதையே தூக்கி வந்தார்.

தளம் போட்ட மறுநாள் சாக்குக்கு அடியில் கையை வைத்தார். அந்தக் குளிரிலும் வெதுவெதுவென்றிருந்தது. அதற்கடுத்த நாள் கரண்டியால் தட்டினால் ணங்கென்றது. பாழாய்ப்போன சீமெந்துக்கு அப்படி என்னதான் அவசரம்!

டீச்சர் தேத்தண்ணியோடு வந்தார். "இவரை எப்ப கூட்டிவரலாம், பாஸ்?"

"இங்க குளிருங்க, டீச்சர். இன்னும் ஒரு கிழமை, ஏழு நாளும் நான் வந்து தண்ணி ஊத்தணும். அப்பதான் நாற்காலியத் தாங்கும்."

டீச்சரின் முகம் வாடிவிட்டது. போனை எடுத்தார். "அப்ப அடுத்த கிழமை வரைக்கும் அங்கேயே வைச்சிருக்கச் சொல்லுறன். பாவம், வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போ எண்டு நேற்றும் அழுதவர்."

இராசமணிக்குச் செருப்பால் அடித்தது போலிருந்தது. தனியாகக் கிடப்பது என்னவென்று அவருக்குத் தெரியாதா?

"டீச்சர், வேணாங்க. நாளைக்கே கூட்டிட்டு வாங்க. தாங்கும். நான் சும்மா சொல்லிட்டேன்."

மறுநாள் வான் வந்தது. இராசமணியே நாற்காலியைத் தள்ளி ஏற்றினார். தளம் அசையவில்லை. கனகசபை கோணிய வாயால் சிரித்து, அவருடைய கையை ஒருமுறை அழுத்தினார்.

டீச்சர் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார். "இனி நீங்கள் மலை இறங்கி அலைய வேண்டாம், பாஸ். தண்ணியை நானே ஊத்துவன்." நல்ல மனதோடுதான் சொன்னார்.

"சரிங்க, டீச்சர்."

உள்ளே கணவர் கூப்பிட, அவர் போய்விட்டார். தேத்தண்ணி எப்போதோ முடிந்திருந்தது. இன்னும் கொஞ்சம் மிச்சமிருப்பது போல, இராசமணி வெறும் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்.