புக்கிட் பாஞ்சாங் மாப்பிள்ளை

மருத்துவம் படிக்கும் என் மகள் புக்கிட் பாஞ்சாங்கில் யாரையோ காதலிக்கிறாள் என்று சத்தியமாக நம்பினேன். எங்கள் வீடு லிட்டில் இந்தியாவில். ஆனால் மருத்துவமனைப் பயிற்சி முடிந்தால், என் கைப்பேசி வரைபடத்தில் அவளுடைய புள்ளி புக்கிட் பாஞ்சாங் போய்த்தான் திரும்பும். கேட்டால், “சும்மாப்பா” என்பாள்.

ஆளைக் கையும் களவுமாகப் பிடிக்க, மச்சானோடு எங்கள் ரயில் பாதையின் கடைசி ஸ்டேஷனான புக்கிட் பாஞ்சாங்கில் போய் நின்றேன். அவள் வந்த ரயிலின் கதவு திறந்ததும், “எங்கே அவன்?” என்று கத்தினேன். பெட்டியே திரும்பிப் பார்த்தது. மகள் மட்டும் பையைக் கட்டிக்கொண்டு தூங்கினாள்.

மச்சான் பையைத் தூக்கிப் பார்த்தார். “மாப்பிள்ளை செம கனம் லா.”

மகளை உலுக்கினேன். “லிட்டில் இந்தியா வந்துருச்சாப்பா?” என்றாள்.

வெட்கத்தில் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இப்போதெல்லாம் நானே மருத்துவமனைக்குப் போய் அழைத்து வருகிறேன். இரவெல்லாம் வார்டில் நின்ற பிள்ளை, எங்கள் ஸ்டேஷன் தாண்டியது தெரியாமல் தூங்கியிருக்கிறாள்.