றோஸ்மேரி மிஸ் காட்டிய தழும்பு

றோஸ்மேரி மிஸ் போய்விட்டார் என்று லிங்கநகரிலிருந்து அவருடைய தங்கை அழைத்துச் சொன்னபோது, சத்திரசிகிச்சைக் கூடத்துக்குப் போக உடை மாற்றிக்கொண்டிருந்தேன். காலைத் தேநீர் ஊற்றும்போது நெஞ்சுவலி வந்ததாம். எனக்கு முதலில் வந்தது கோபம். அவர் ஓய்வுபெற இன்னும் ஒரு வருடம்கூட இல்லை. அலுமாரிக் கதவை ஓங்கி அறைந்தேன்.

அவரோடு வேலை செய்த உங்களுக்கு அவர் அதிர்ந்து பேசாத தாதி. எனக்கு, என் காலை உதைத்தவர்.

மின்சாரத்தால் வெட்டி இரத்தத்தை நிறுத்தும் கருவியை நாங்கள் பாவிக்கிறோம். உடம்புக்குள் போகும் கறண்ட் திரும்பி வருவதற்கு நோயாளியின் தோலில் ஒரு தகடு ஒட்டவேண்டும். அது சரியாகப் படியாவிட்டால் அந்த இடத்துத் தோல் வெந்துவிடும். கட்டைபறிச்சானிலிருந்து வந்த ஒரு மீனவருக்குக் குடலிறக்கச் சத்திரசிகிச்சை. அவர் மயங்கிய பிறகு, அவசரத்தில் நானே தொடைக்குப் பின்னால் கையை விட்டு, பார்க்காமலே தகட்டை ஒட்டினேன். கருவி சரியாக வெட்டவில்லை. கறண்டைக் கூட்டச் சொன்னேன்.

"தகட்டைப் பாருங்கோ டொக்டர்" என்றார் மிஸ்.

"கூட்டுங்கோ" என்று கத்தினேன். மூன்றாம் தரம் கத்தியபோது நான் மிதித்துக்கொண்டிருந்த கருவியின் மிதியை என் காலோடு சேர்த்து உதைத்துத் தள்ளினார். நோயாளியை மூடியிருந்த துணியை இழுத்து எறிந்தார். சுட்ட இறைச்சி மணத்தது. தகட்டின் கீழே ஒரு பழைய தழும்பு, அதற்குள் போரில் பட்ட ஷெல் துண்டு, சுற்றிவரக் கருகிய தோல்.

மறுநாள் நோயாளர் விடுதியில் அந்த மனிதர்மேல் பாய்ந்தேன். "உடம்பில இரும்பு இருக்கோ எண்டு கேட்டனான்தானே. ஏன் மறைச்சனீங்கள்?"

அவர் கூரையைப் பார்த்தபடி சொன்னார்: "அந்தக் கேள்வியைக் கேட்டவங்கள் எல்லாரும் பிறகு அடிச்சவங்கள், ஐயா."

சோதனைச் சாவடியில் சாரத்தை உரியச் சொல்லி, தழும்பைக் கண்டதும் அதன்மேலேயே சப்பாத்தால் ஏறி நின்றார்களாம். அன்றிலிருந்து யார் கேட்டாலும் இல்லை என்பதுதான் அவருடைய பதில்.

மிஸ் என் மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனார். நகம் பதிந்தது. "நீங்கள் கேட்டது சென்றியில ஆமிக்காரன் கேக்கிற மாதிரி. அப்பிடிக் கேட்டா எங்கட சனம் சொல்ல ஏலாது."

அதன்பிறகு கேட்பது அவர் வேலையாயிற்று. சட்டைக் கையை மேலே தள்ளி முழங்கைக்கு மேலிருந்த குழிந்த தழும்பைக் காட்டுவார். "எனக்கு இங்க பட்டது. உங்களுக்கு எங்க?" என்பார். சனங்கள் சொன்னார்கள். பிறகும் விரலால் தடவிப் பார்த்துத்தான் தகட்டை ஒட்டுவார். அவர் இருந்தவரை வேறு ஒருவரும் எங்கள் மேசையில் வேகவில்லை.

அவரை அடக்கம் செய்த மறுநாள் கிண்ணியாவிலிருந்து வயதில் மூத்த முஸ்லிம் நானா ஒருவர் சத்திரசிகிச்சைக்கு வந்தார். உடம்பில் இரும்பு இருக்கிறதா என்று கேட்டேன். "ஒண்டுமில்ல" என்றார், கூரையைப் பார்த்தபடி. என் கையில் காட்ட ஒன்றுமில்லை. மிஸ்மேல் கோபம் கோபமாக வந்தது.

"எங்கட மிஸ் ஒராளுக்கு முழங்கைக்கு மேல ஷெல் பட்டது, நானா" என்றேன். "நேற்றுத்தான் அவவைத் தாட்டனாங்கள். உங்களுக்கு எங்க?"

அவர் கூரையிலிருந்து பார்வையை எடுத்து என்னைப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்து வலத்தொடையில் வைத்தார். விரலில் இரும்பு நெருடியது. தகட்டை மற்றத் தொடையில் ஒட்டினேன்.

மிஸ்ஸிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தத் தழும்பு. இனி அதைக் காட்ட வேண்டியவன் நான்.