காலை ஆறு மணிக்குக் கிளம்பிப்போன வீடுகள்

வானத்திலிருந்து எடுத்த படத்தில் கூரைகளை எண்ணுவதும், நிழலின் நீளத்தைப் பார்த்து மாடி எத்தனை என்று கணிப்பதும்தான் தம்பியின் வேலை. வெள்ளமோ நிலநடுக்கமோ வந்தால் எத்தனை கட்டடம் பாதிக்கப்படும் என்று அலுவலகம் முன்கூட்டியே அறிய அந்தக் கணக்கு வேண்டும். தையற்கடை வைத்திருக்கும் அக்கா எட்டாவதோடு நின்றவள். ஊரையே அளக்கிற தம்பி என்று அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

வேலைதான் இன்னும் நிரந்தரமாகவில்லை. ஒரு வட்டாரத்தில் நானூற்றுப் பன்னிரண்டு கட்டடம் என்று எழுதிக் கொடுத்திருந்தான். அதிகாரி நேரில் வந்து எண்ணும்போது நூற்றுக்கு ஐந்துக்கு மேல் பிசகினால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

துணியை வெட்டுமுன் இரண்டு தடவை அளக்கிறவள் அக்கா. முந்தின நாளே அவனை இழுத்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்து, கட்டடத்துக்கு ஒரு கோடாக நோட்டில் போட்டாள். வடக்கு மூலையில் வெறும் பொட்டல்.

"இங்க என்னடா இருக்கணும்?"

"வரிசையா இருபத்திரண்டு வீடுக்கா. எல்லாம் ஒரே அளவு."

பொட்டலின் வாசலில் நின்ற காவலாளி சிரித்தார். "கம்பெனி பஸ்ஸைச் சொல்றீங்களா தம்பி? எல்லாம் ஆறு மணிக்கே கிளம்பிடுச்சு."

தம்பியின் முகம் தொங்கிப்போனது. "படம் ஞாயித்துக்கிழமை எடுத்ததுக்கா."

"உன் வீடுங்க வாரத்துல ஆறு நாள் வேலைக்குப் போகுது. நீதான் போக மாட்டே போலிருக்கு."

மறுநாள் அதிகாரியிடம், அக்கா சொன்னபடியே, முதலில் பஸ்ஸைத்தான் ஒப்புக்கொண்டான். இருபத்திரண்டு பிசகு, நூற்றுக்கு ஐந்தைத் தாண்டிவிட்டது என்று அவர் பேனாவை மூடப் போனார்.

"சார், சந்தைக்குப் பின்னால ஒரு நீளத் தகரக் கூரை இருக்கு. இவன் அதை ஒரு கட்டடம்னு போட்டிருக்கான்," என்றாள் கூடவே வந்திருந்த அக்கா.

"ஒரே கூரைதானேம்மா?"

"கூரைதான் ஒண்ணு. வீடு ஏழு. வந்து பாருங்க."

அங்கே இரண்டு சுவருக்கு நடுவே இருந்த விரலளவு சந்தில் அளவு டேப்பை நுழைத்தாள். முழங்கை நீளத்துக்கு உள்ளே போனது. "ஒரே சுவரா இருந்தா இது எப்படி சார் போகும்? நிலம் ஆடினா ஒவ்வொண்ணும் தனித்தனியா விழும்." ஆறு சந்திலும் நுழைத்துக் காட்டாமல் அவரை விடவில்லை.

அதிகாரி கூட்டிப் பார்த்தார். முந்நூற்றுத் தொண்ணூற்றாறு. "பதினாறு பிசகு. தப்பிச்சிட்டே."

உத்தரவு பத்து நாளில் வந்தது. அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நிரந்தரமாக்கப்படுகிறார் என்பது வரை நிறுத்தி நிதானமாக வாசித்தாள். அதற்கடுத்த வரியைத் தம்பி கையால் மறைத்தான். அவள் அந்தக் கையை எடுத்து அப்பால் வைத்துவிட்டு, அதே குரலில் வாசித்தாள்: "இனி பேருந்துகளைக் கட்டடங்களாகக் கருதக் கூடாது."